ஏத்து மீனும் என் மச்சானும்

எனக்கு விரால் மீன் குழம்பு என்றால் உயிர். அந்த ஆசையில் மண் போடுவதற்கென்றே கண்டரமாணிக்கத்திலிருந்து ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் கண்மாய் கோடையில் வற்றிவிடும். ஐப்பசி மழையில் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலுங்குச் சுவரைத் தாண்டி ஓடையில் விழும்போது, கீழ்க்கண்மாயில் கிடக்கிற விரால்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறி வரும். ஏத்து மீன் என்போம். வயிறு கொள்ளாத சினையோடு வரும். நாங்கள் கலுங்கடியில் மூங்கில் பறியை வைத்து ஒன்று விடாமல் பிடித்துவிடுவோம். முதல் ஏத்து மீனைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை. சினை இருந்தால்தான் சீர் என்று பெருமை வேறு! போதாததற்கு ஓடை முழுக்கக் கருவேல முள் அடைத்து, மீன் ஏற வழியுமில்லை. அறுபதுகளின் கடைசியில் கண்மாயில் விராலைக் கண்ணால் காண்பதே அரிதாகிவிட்டது.

“பிள்ளை பெற வாரதை வாசல்லயே மறிச்சுக் கொல்றீக. அப்புறம் மீனைக் காணோம்னு புலம்புறீக. நல்லாருக்கு உங்க ஞாயம்!” என்றாள் என் மனைவி.

என்னோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஊர்க்கூட்டத்திலேயே போய்ச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் அரிவாளோடு ஓடையில் இறங்கி முள் வெட்ட ஆரம்பித்துவிட்டாள். மானம் போகிறதே என்று நானும் இறங்கினேன். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. ஓடை சுத்தமானதும், ஏத்து மீனைப் பிடிப்பதில்லை, சீராகக் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை என்று ஊர் கட்டுப்பாடு போட்டது.

அந்த ஐப்பசியில் அவளுடைய அண்ணன் வந்தார். தாய் தகப்பன் இல்லாத அவளுக்குப் பிறந்த வீடென்றால் அவர் ஒருவர்தான். மழையில் நனைந்தபடி சைக்கிளிலிருந்து ஈரச் சாக்கை இறக்கினார். உள்ளே உயிரோடு சினை விரால்கள்.

“தங்கச்சிக்கு மொத மீனு, மாப்பிள்ளை!”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. “வாங்கண்ணே” என்று சாக்கை வாங்கியவள், நேரே கண்மாய்க்குப் போய்த் தண்ணீரில் கவிழ்த்துவிட்டாள். மச்சான் முகம் செத்துவிட்டது.

“பெறந்த வீட்டுச் சீரைத் தண்ணியில கொட்டிட்டா. இனி எனக்கு இங்க என்ன வேலை?”

சாப்பிடாமலே போய்விட்டார். பொங்கலுக்கும் வரவில்லை. நாங்கள் தேடிப் போனபோதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. “எங்கண்ணன் இனி வரமாட்டாக” என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வரும். அவளைப் போல ஒருத்தி உண்டா என்றும் இருக்கும்.

அடுத்த ஐப்பசியில் விரால்கள் ஏறின. ஊரே குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அவள் மட்டும் வரவில்லை. நான் வீடு திரும்பியபோது வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் முள் கிழித்த காயம்.

“வெறுங்கையாத்தான் வந்திருக்கேன்” என்றார் அவளிடம். “எங்க ஊரு ஓடையிலயும் முள்ளை வெட்டியாச்சு. பறி வைக்க ஒருத்தனையும் விடலை. என்னை அடிக்கவே வந்துட்டானுக. சோறு இருக்கா?”

அவள் இலையைப் போட்டாள். ரசத்தைப் பாதி இலைக்கு வெளியே ஊற்றினாள்.

“அழுகாம ஊத்து தாயி” என்று மச்சான் சோற்றில் பாத்தி கட்டினார்.