எம்ஸால் அக்காவின் ‘ஸாத்தென்’

காலியான சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “ஸாத்தென், டாக்டர் வேணாம்னுதானே சொல்லியிருக்காரு” என்று கசப்புத் தேநீரை உறிஞ்சுகிறாள் எம்ஸால் அக்கா. பஸ்ஸைத் தவறவிட்டால், “ஸாத்தென், காலு மரத்துப் போயிருந்துச்சு, நடந்தா நல்லதுதான்.” ஜெர்மனியில் இருக்கும் மகன் பெருநாளுக்குக்கூடக் கூப்பிடவில்லை. “ஸாத்தென், அவனுக்கு ஏது நேரம்.”

ஏற்கெனவே, எப்படியும், தெரிந்ததுதானே என்று எல்லாவற்றுக்கும் எங்கள் மலையில் இந்த ஒரு சொல் போதும். மழை வருமா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட “ஸாத்தென் வரும்” என்றுதான் சொல்லும். எங்கள் வாயில் அது வந்து போகிற சொல். அக்காவோ எது கையை விட்டுப் போனாலும், சரிந்த முக்காட்டை இழுத்துவிடுகிற மாதிரி அதை இழுத்து மூடிக்கொள்வாள். கணவர் இஸ்தான்புல்லில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட சேதி வந்த அன்றும் அப்படித்தான். “ஸாத்தென், அந்த மனுசன் விடுற குறட்டையில நான் தூங்கி எத்தன வருசமாச்சு” என்றாள். அழ வந்த நாங்கள் சிரித்துவிட்டுத் திரும்பினோம்.

அறுபத்து மூன்று வயது. தேயிலைக்கூடை சுமந்து சுமந்து வலது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். கறுப்பு ரப்பர் செருப்பு, இடுப்பைச் சுற்றிச் சணல் கயிறு. என் வீடு அவள் வீட்டுக்குக் கீழே. மலைச்சரிவில் இலை மூட்டை இறக்குகிற கம்பியில் எனக்குச் சோளரொட்டி அனுப்புவாள். அனுப்புமுன் கல்லால் கம்பியை மூன்று தட்டு. நான் வெளியே வராவிட்டால் மேலேயிருந்து குரல் வரும்: “ஏ புள்ள, தொழுறியா தூங்குறியா? ரொட்டி ஆறுது.”

மகள் நூர்தானின் விஷயத்தில் மட்டும் போன ஜூலை வரை அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. பதினாலு வயதில் காய்ச்சலில் போனவள். எங்கள் பக்கம் இறந்தவர்களை வீட்டை ஒட்டியே அடக்குவோம். நூர்தான் தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கோடியில், சீமைப்பனிச்சை மரத்தடியில் இருந்தாள். அந்த வரிசை இலையை மட்டும் அக்கா கடைசியாகத்தான் வெட்டுவாள். வேறு யாரையும் வெட்ட விடமாட்டாள்.

போன ஜூலையில் தோட்டத்தின் குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியது. அதிகாரிகள் வந்து, மலை சரியும், வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று சுவரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். பள்ளிவாசல் இமாம், ஆபத்து இருப்பதால் பிள்ளையின் கப்ரை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று சொன்னார். எங்களுக்குள் முறை வைத்து ஒருவர் வேலைக்கு எல்லாரும் போவது வழக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவின் முறை, அன்று நூர்தானை எடுத்து மேலே பள்ளிவாசல் பக்கம் வைப்பது என்று ஊர்த்தலைவர் இத்ரிஸ் முடிவு செய்தார்.

சனிக்கிழமை மதியம் தேயிலை ஆலையிலிருந்து அறிவிப்பு வந்தது, ஞாயிற்றுக்கிழமை இலை எடுப்பார்களாம். அதை விட்டால் அடுத்த வாரம்தான். எல்லார் தோட்டத்திலும் இலை வெட்டாமல் நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“அக்கா, ஒன் மொறை. நீயே சொல்லு” என்றாள் பக்கத்து வீட்டு ஹவ்வா.

அக்கா கயிற்றை இறுக்கிக் கட்டினாள். “எல முத்திப் போயிரும். புள்ள ஸாத்தென் இருபத்திரெண்டு வருசமா அங்கதானே கெடக்கா, ஒரு நாள்ல எங்க போயிரப் போறா? திங்கக்கெழம பாத்துக்குவோம்.”

“மழைனு சொல்றாங்களேக்கா” என்றார் இத்ரிஸ்.

“இந்த மலையில என்னைக்குடா மழை இல்லேனு சொன்னாங்க?”

சிரித்தோம். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், எதிர்ச்சரிவில் இலை வெட்டிக்கொண்டிருந்தோம். லாரியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பனிச்சை மரம் சாயவே இல்லை. நின்றபடியே, நடந்து போவது போல, கீழே ஆற்றுக்குள் இறங்கியது. ஐந்து நாள் இயந்திரம் வைத்துச் சேற்றைக் கிளறினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. வீடு மட்டும் சிவப்புக் கோட்டோடு இன்றைக்கும் நிற்கிறது.

இப்போது அக்கா கீழே சாலையோரம் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். “புள்ளையோட ரூஹு அல்லாஹ்கிட்ட இருக்கு அக்கா. ஒடம்பு மண்ணோட எங்க போனா என்ன?” என்று ஒருநாள் ஆறுதல் சொன்னேன்.

“தெரியும் புள்ள. ஆனா எலய மொதல்ல வெட்டுவோம்னு சொன்னது அல்லாஹ் இல்லியே. நான்ல” என்றாள்.

முதலில் பிள்ளையை எடுப்போம் அக்கா என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் இலையும் நின்றது. ரப்பு மன்னிக்கட்டும்.

இந்தப் பெருநாளுக்கு முந்தின நாள் எல்லாரும் அவரவர் வீட்டுக் கப்ருக்குப் போய் யாசீன் ஓதினோம், தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை தண்ணீர் ஊற்றினோம். அக்காவைக் காணோம். திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தில் பார்த்தேன். கையில் பிளாஸ்டிக் செம்பு. கீழே ஆறு கலங்கலாகப் புரண்டு கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கைப்பிடிக் கம்பிக்கு மேலே செம்பைச் சாய்த்தாள். மெதுவாக, பக்கவாட்டில் ஓரடி, இரண்டடி, மூன்றடி நகர்ந்தபடி ஊற்றினாள். பதினாலு வயதுப் பெண்ணின் கால்மாடு வரும் இடத்தில் நிறுத்தினாள். செம்பில் இன்னும் தண்ணீர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, நனைந்த இரும்புக் கம்பியை உள்ளங்கையால், மண்ணை அமுக்குவது போல, இரண்டு தடவை அமுக்கினாள்.