மூன்று நிறம், ஒரே மருந்து

முதலில் வாந்தி வந்தது. விரதத்தால் வந்த பித்தம் என்று நினைத்தேன்.

நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வேண்டுதல். ஒரு வேளைதான் சாப்பாடு. அதற்குள் கடைவாய்ப்பல் வலி பிடித்துக்கொண்டது. காப்புக் கட்டிய பிறகு ரத்தம் சிந்தக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பல் பிடுங்குவதைக் காவடிக்குப் பின் என்று தள்ளினேன். மாத்திரை போட்டால் விரதம் கெடாது.

மருந்துக்கடையில் வெள்ளை மாத்திரை வாங்கினேன். தறிக்கொட்டகைக்கு எதிர்ப் பெட்டிக்கடையில் மஞ்சள். உடம்பு சுட்டதால் சிவப்பும். நிறம் வேறென்றால் மருந்தும் வேறு என்று நம்பினேன். வலித்தபோதெல்லாம் போட்டேன். நான்கு நாள்.

ஐந்தாம் நாள் காலை என் மனைவி கோமளா முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, கண்ணு மஞ்சளா கீது?"

"தூக்கம் இல்ல."

"தூக்கம் இல்லன்னா செவக்கும்யா. எழுந்திரு."

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா தெலுங்கு கலந்து கேட்டார். "ரோஜுக்கு, ஒரு நாளைக்கு, எத்தனை மாத்திரை?"

விரல் மடக்கி எண்ணினேன். இரண்டு கையும் போதவில்லை.

கோமளா கொண்டுவந்த அட்டைகளை அவர் திருப்பிப் பார்த்தார். "கலருதான் வேற. மூணுலயும் பாராசிட்டமால்தான். வெறும் வயித்துல போட்டு கல்லீரல் அடிபட்டிருக்கு."

"பொழைப்பாரா மேடம்?"

"முறிவு மருந்து ஏத்துறோம். கல்லீரல் தானா தேறணும். லேட்டா வந்திருக்கீங்க."

தினம் காலையில் ரத்தம் எடுத்தார்கள். உறைதல் சோதனை (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது, எண் ஏறினால் கல்லீரல் படுத்துவிட்டது என்று அர்த்தம்). முதல் நாள் ஏறியது. மறுநாளும் ஏறியது. டாக்டரம்மா வரும்போதெல்லாம் என்ன கிழமை என்று கேட்டார். மூளை குழம்புகிறதா என்று பார்க்கிறாராம். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று கிழமையை மனதில் சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன்.

கிருத்திகை ஆஸ்பத்திரியிலேயே போனது. காவடி போச்சே என்றேன்.

"முருகன் அடுத்த வருசம் வரைக்கும் இருப்பாரு. நீ இருக்கறியா பாரு" என்றாள் கோமளா. சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் எண் இறங்கியது. கொஞ்சம்தான். கோமளா நர்ஸிடம் அந்தச் சோதனைச் சீட்டை இரண்டு முறை காட்டச் சொன்னாள்.

படிக்கத் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையைக் காட்டிக் கேளுங்கள், இதிலும் அதே மருந்தா என்று. நான் கேட்கவில்லை.

இப்போது ஏதாவது வலித்தால் தறியை நிறுத்திவிட்டு உட்காருகிறேன். வலி எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கிறேன். முன்பு வலிக்கு அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. வலது விலாவுக்குக் கீழே, கல்லீரல் இருக்கும் இடத்தில், கை வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருக்கும்வரை நல்லது என்று கையை எடுத்துக்கொள்கிறேன்.