செம்மண்ணில் எழுந்த குமிழி

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குத் துணை கண்ணாடிக் குழாய்கள்தான். கிணற்றுத் தண்ணீரைச் சத்துநீரில் விட்டுச் சூட்டுப் பெட்டியில் வைத்தால், உள்ளே கவிழ்த்த குட்டிக் குழாயில் குமிழி கட்டும். கட்டினால் தண்ணீரில் மலக்கிருமி என்று கணக்கு. இதுதான் என் வேலை என்று தெரிந்தபிறகு, சிராங்கூன் ரோட்டு அறையில் என் பக்கத்தில் யாரும் பாய் விரிக்கவில்லை.

புக்கிட் மேரா குன்றுச் சரிவில் தேநீர் விற்ற அக்கா ஒருத்திதான் என்னைச் "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். அவளுக்கும் கீழ் வீட்டுக்காரிக்கும் பொதுவாக ஒரு கிணறு. மழை பிடித்ததும் அதிலும் குமிழி. எங்கள் சுகாதார இலாகாவில் மூடச் சொல்லிவிட்டார்கள்.

"எங்க கக்கூச நான் தினமும் கழுவுறேன். எல்லாம் கீழ் வீட்டு நாத்தம்!" என்றாள் அக்கா.

கீழ் வீட்டுக்காரி விடுவாளா? "தண்ணி மேலேருந்து கீழதான் ஓடும். முதல்ல உன்னோடத மோந்து பாரு!"

ஒரே கல்லில் சேர்ந்து துணி துவைத்தவர்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குன்றின் உச்சியில், வீடு இல்லாத, ஆள் நடக்காத இடத்தில், லாலான் புல்லுக்கடியில் ஒரு பிடி செம்மண் எடுத்துவந்து கரைத்து வைத்தேன். குமிழி. வேறோர் இடத்து மண். அதிலும் குமிழி. இந்த ஈரமும் வெக்கையும் போதும் அந்தக் கிருமிக்கு. மண்ணிலேயே குடித்தனம் நடத்துகிறது. மழை கிணற்றில் இறக்கிவிடுகிறது.

எங்கள் சீன டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இருக்கலாம் லா. ஆனா கிணத்துல உள்ளது மண்ணோடதா மனுஷனோடதான்னு இந்தக் குமிழி சொல்லுமா?"

சொல்லாது. கிணற்றுக்குத் தகரம் போட்டார்கள்.

கிணறு போனது போகட்டும், அவர்களாவது பேசிக்கொள்ளட்டும் என்று ஓடினேன். "அக்கா, அது உங்க ரெண்டு பேராலயும் இல்லாம இருக்கலாம். மண்ணே அப்படி."

"மண்ணா?" கிளாஸைத் துடைத்த கை நின்றது. "அப்ப அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? சொல்லக் கூடாததெல்லாம் சொல்லியாச்சே. அவளோடதுன்னே இருக்கட்டும், விடு."

அதன்பிறகு அவள் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது; யாரும் வரவில்லை.

மறுநாள் காலை ரோட்டுக் குழாயடியில் இருவரையும் பார்த்தேன். வரிசையில் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி. நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலி. வாளியோடு வந்த மலாய்க்காரர் ஒருவர், வரிசை அங்கேதான் முடிகிறது என்று நினைத்து, அந்த இடத்தில் நின்றுகொண்டார். இரண்டு பேரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.