மெழுகு ஏற்றிய மல் துணி

தார்ப்பாய் என்றால் துறைமுகத்தில் சரக்கு மூட்டைகள் மேல் போர்த்துவார்களே, அது ஒன்றுதான் அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரியும். அதைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து உவரிக்கு நடப்பதென்றால் கூடவே ஒரு கழுதையையும் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். எனக்கோ தூக்குவதற்கு ஏற்கெனவே ஒரு சுமை இருந்தது. ஐந்து வயது மகள். பாதி தூரம் நடப்பாள், மீதி தூரம் இடுப்பில்தான்.

அவளுக்கு இழுப்பு. மழையில் நனைந்தால் மட்டுமல்ல, பனி இறங்கிய தரையில் படுத்தால்கூட மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். ஒரு தடவை உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பிள்ளை பிழைத்தால் அவளையும் கூட்டிக்கொண்டு உவரிக் கோயில் திருவிழாவுக்கு நடந்தே வந்து, கடற்கரை மணலிலேயே தங்கிக் கும்பிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். நேரும்போது யோசிக்கிற புத்தி யாருக்கு இருக்கிறது? மணலில் படுத்தால் நோய் வருகிற பிள்ளைக்காக மணலில் படுக்கிறேன் என்று நேர்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

திருவிழா தை மாதத்தில். தையில் மழை வராது என்று தெருவே சொன்னது. அப்படி நம்பி உப்பை வாராமல் விட்டு, பாத்தியோடு கரையக் கொடுத்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்களை நான் ஆறுமுகநேரி உப்பளப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் நானே ஒரு கூடாரத் துணி தைப்பது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். அவர் கட்டிப் பழசான மல் வேட்டிகளை எடுத்து, ஓரத்தை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டேன். நான்கு மூலையிலும் கயிறு கோக்கக் காது வைத்தேன். சுருட்டினால் ஒரு தலையணை அளவுதான் வந்தது. கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. ஆனால் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன், அத்தனையும் அந்தப் பக்கம் போய்விட்டது.

முதலில் எனக்குத் தோன்றியது, கடற்கரையில் வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெய். பலகைக்குள் தண்ணீர் இறங்காமல் அதுதானே காக்கிறது, துணிக்கும் காக்கட்டுமே என்று ஒரு மூலையில் தேய்த்துக் காயப்போட்டேன். பூனைகள் வந்து சேர்ந்தன. பிள்ளை அந்த நாற்றத்துக்கே இருமத் தொடங்கி, அன்று முழுவதும் இழுத்துக்கொண்டு கிடந்தாள். அந்த மூலையைக் கத்தரித்து எறிந்துவிட்டு, வேறு துண்டு வைத்துத் தைத்தேன்.

அப்புறம்தான் மெழுகு நினைவுக்கு வந்தது. தோணிக்காரர்கள் தீப்பெட்டியும் புகையிலையும் வைக்கிற துணிப்பைக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்து நெருப்பில் காட்டுவார்கள். அலை அடித்தாலும் உள்ளே ஈரம் போகாது. பைக்கு ஆகிறது கூடாரத்துக்கு ஆகாதா? கடையில் வாங்கிய மெழுகுவர்த்திகளைத் தேய்த்துப் பார்த்தேன். வேலை செய்தது. ஆனால் துணியின் ஒரு ஓரத்துக்குக்கூடப் போதவில்லை. இவ்வளவு துணி இவ்வளவு மெழுகு குடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

அப்போது கல்லறைத் திருநாள் வந்தது. ஐப்பசிக் காற்று. கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள், பின்னாலேயே காற்று வந்து அணைக்கும். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்லறையில் அணைந்து கிடக்கும் மெழுகுவர்த்தியைப் பார்த்தால், அது யாருடையது என்று கேட்காமல் பற்றவைத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். முகம் தெரியாதவர்களுக்குக்கூட நான் பற்றவைத்திருக்கிறேன். என் அம்மாவின் கல்லறையில் யார் யாரோ பற்றவைத்திருப்பார்கள்.

அன்று நான் பற்றவைக்கவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மழை அடித்து, நாளைக்குக் கோயில் வேலை பார்க்கிற மெலிஞ்சியார் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போடத்தான் போகிறார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எதுவும் வீணாகப் போவதைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கருவாட்டுத் தலையைக்கூடக் குழம்புக்கு எடுத்து வைக்கிறவள். அணைந்தவற்றை மட்டும் பிடுங்கி, மகள் விரித்துப் பிடித்த பையில் போட்டுக்கொண்டே போனேன். அதுவரைக்கும் மனம் உறுத்தவில்லை.

கடைசி வரிசையில் ஒரு புதுக் கல்லறை. சிமெண்ட் பூசாத மண்மேடு. அடுத்த வீட்டு அக்காவின் மகள். என் மகளைவிட மூன்று வயது மூத்தவள், என் மகள் அக்கா என்று கூப்பிடுவது அவளைத்தான், இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவை. அந்தக் கோடையில் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மண்மேட்டைச் சுற்றி அக்கா தடித் தடி மெழுகுவர்த்தியாக நட்டுவைத்திருந்தாள். பாதிகூட எரியவில்லை. காற்று ஒன்று விடாமல் அணைத்திருந்தது.

என்னிடம் தீப்பெட்டி இருந்தது. அதை நான் மறைக்க முடியாது. இடுப்பில்தான் செருகியிருந்தேன். குனிந்து, எல்லாவற்றையும் பிடுங்கினேன்.

மகள் பையை விரிக்காமல் நின்றாள். இது அக்காவுக்கு உள்ளது அல்லவா என்று கேட்டாள். மழை துளி போட ஆரம்பித்துவிட்டது, எனக்கு எரிச்சல். அக்காதான் நமக்குத் தருகிறாள், வாங்கிக்கொள் என்று சொன்னேன். பிள்ளை உடனே பையை விரித்தாள்.

வீட்டில் எல்லாவற்றையும் உருக்கி, மண்ணும் திரியும் போகத் துணியில் வடிகட்டி, சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தேன். சவுக்காரக் கட்டி மாதிரி வந்தது. அதைத் துணியில் அழுத்தித் தேய்த்து, மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் மெழுகு இளகி நூலுக்குள் இறங்கும். எங்கள் தெருவில் இஸ்திரிப் பெட்டி இருந்தது அக்கா வீட்டில்தான். இரவல் கேட்டுப் போனேன். நீ பெட்டியைப் பிடித்தால் துணியைத் தீய்த்துவிடுவாய் என்று சொல்லி, கரியைப் போட்டு ஊதிக்கொண்டு அவளே வந்துவிட்டாள்.

நான் தேய்க்க, அவள் பெட்டி போட்டாள். மெழுகு கடையில் வாங்கியது என்றே நினைத்திருப்பாள். எவ்வளவு பொறுமை அவளுக்கு. தையல் ஓரங்களில்தான் முதலில் ஒழுகும் என்று அங்கே மட்டும் இன்னொரு தடவை தேய்க்கச் சொன்னாள். என் பிள்ளைக்கு ஒரு சொட்டு விழக்கூடாது என்பதில் அவளுக்கு என்னைவிடக் கவலை. வீடெல்லாம் கோயில் வாசம் அடித்தது. அந்த வாசத்தில்தான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தலை நிமிராமல் சொன்னாள்:

"அன்னைக்கு மழை விட்டதும் திரும்பப் போனேம்ளா. காத்து அணைச்சிருந்தாலும் மெழுகுவத்தி அங்கன கெடக்கணும்லா? ஒண்ணத்தையும் காணல. மொதல் வருசம். எம்பிள்ள இருட்டுல கெடந்துட்டா."

என் கை துணியில் போய்க்கொண்டே இருந்தது. இப்போது சொல்லிவிடு என்று ஒரு மனம் அடித்துக்கொண்டது. சொன்னால் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், துணி பாதியில் நிற்கும், பிள்ளை நனைவாள் என்று இன்னொரு மனம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இரண்டாவது மனத்துக்குத்தான் நான் காது கொடுத்தேன். காற்று பெரிய காற்றாக இருந்தது அக்கா என்று மட்டும் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள்.

துணி அருமையாக வந்தது. மடித்தால் மெழுகு வெடிக்கும் என்று கம்பில் சுருட்டி வைத்தோம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அக்கா கைதட்டிச் சிரித்தாள். மகள் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.  அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

உவரிக்கு அவளும் வந்தாள். ஒற்றை ஆளாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவாய் என்று கேட்டாள். வேண்டாம் என்று எதைச் சொல்லித் தடுப்பது? காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று வழி நெடுகப் பிள்ளை பாதி நேரம் அவள் இடுப்பில்தான் இருந்தாள். நான் துணியைச் சுமந்தேன். நடையில் அதன் கனம் ஏறிக்கொண்டே போனது மாதிரி இருந்தது.

கோயிலுக்குத் தெற்கே மணலில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டித் துணியைப் போட்டோம். ஓரங்களில் மணலை அள்ளி வைத்தோம். யாரும் எதிர்பார்க்காமல், ஒரு மத்தியானம் கடலுக்கு மேலே இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டியது. சுற்றி இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலைப் பார்த்து ஓடினார்கள். நாங்கள் மூன்று பேரும் உள்ளே ஒடுங்கிக்கொண்டோம். தலைக்கு மேலே சடசடவென்று அடிக்கிறது, உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா மடியில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து அவள் தாடையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, பயப்படாதீய. இது நம்ம அக்காவோட மெழுகுவத்தி. கல்லறையில வச்சு அக்காதான் எங்களுக்குத் தந்தா. அம்மா பிடுங்கிப் போட்டா, நான் பையப் பிடிச்சேன். அதான் நனைய மாட்டேங்கு."

அக்கா என்னைப் பார்த்தாள்.  நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது.

அவள் கையை உயர்த்தித் துணியின் உள்பக்கத்தை மெதுவாகத் தடவினாள். பிறகு பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, குனிந்து மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

அக்கா என்று கூப்பிட்டேன். காது கேட்டிருக்கும். அந்த நேரம் பார்த்துக் கடல்பக்க ஓரத்தில் இருந்த மணல் கரைந்து, காற்று துணியை அப்படியே தூக்கியது. சாரல் பிள்ளையின் முகத்தில் அடித்தது. ஒரு கையில் சாயும் கம்பு, ஒரு கையில் பிள்ளை. பறக்கிற ஓரத்தைப் பிடிக்க எனக்குக் கை இல்லை. பிள்ளை இருமத் தொடங்கினாள். செய்ததற்கு இதோ கூலி வந்துவிட்டது, அதுவும் பிள்ளை தலையில் வந்துவிட்டது என்று நான் வாய்விட்டே அழுதேன்.

துணி சட்டென்று கீழே இறங்கியது. காற்று நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். பார்த்தால், அந்த ஓரத்தின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்து.

உள்ளே வாங்க அக்கா என்று கெஞ்சினேன். அவள் திரும்பவில்லை. மகள் என் மடியிலிருந்து நழுவி, துணிக்கு அடியில் கையை நீட்டி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அதை அவள் தட்டிவிடவில்லை. மழை விடும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

பிள்ளைக்கு அன்று இழுப்பு வரவில்லை.