முன்வரிசையில் கைதட்டியவர்

தொண்ணூறுகளின் பின்பாதியில் நடந்தது இது. நாங்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிவந்து ரொம்ப நாள் ஆகவில்லை. இந்த ஊரில் பொங்கல் நல்ல கோடையில் வரும். அந்த வருடப் பொங்கல் விழாவில் நடந்த கூத்தை நினைத்தால் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடுவதில்லை.

பக்குரங்காவில் வாடகை வீடு. ஈஸ்ட் டாமாக்கியில் கோழிக்கறி பேக் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கார் ஓட்டத் தெரியாது. என் கணவருக்கு ஊரின் மறுகோடியில் வேலை என்பதால் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் மழையில் நனைந்துகொண்டு நின்றேன். எங்கள் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற வெள்ளைக்காரர் ஒருவர் காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். மறுநாள் காலையும் எங்கள் தெருமுனையில் அவர் கார் நின்றது. அதற்கு மறுநாளும். யாரும் கேட்காமலே அது வழக்கமாகிவிட்டது. பதிலுக்கு நான் நீட்டும் மிளகாய்ப் பொடி இட்லியை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.

அதிகம் பேசாத மனிதர். ஆனால் ரோடியோ என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். ரோடியோ என்பது இங்கே கோடையில் நடக்கும் மாடு, குதிரை வித்தை. துள்ளும் காளை மேல் உட்காருவார்கள். குதிரையில் விரட்டிப்போய்க் கன்றின் கழுத்தில் கயிறு வீசுவார்கள், குதித்து இறங்குவார்கள், கன்றைக் கீழே தள்ளிக் காலைக் கட்டுவார்கள். யார் சீக்கிரம் கட்டுகிறாரோ அவருக்குப் பரிசு. எங்கள் ஆள் கயிறு வீசுகிறவர். அவருடைய அப்பாவும் அதைத்தான் செய்தாராம். குதிரையின் போட்டோவை மனைவியின் போட்டோவுக்கு முன்னால் எடுத்துக் காட்டுவார்.

ரோடியோவைத் தடை செய்ய வேண்டும் என்று அப்போது பலர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் அட்டை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 'கொடுமை' என்று ஒரு பக்கம், 'எங்கள் கிராமத்து வாழ்க்கை' என்று இன்னொரு பக்கம். எனக்கு இது புதுசா என்ன? நான் மதுரைப் பக்கம். என் தாய்மாமன் ஜல்லிக்கட்டுக் காளை வைத்திருந்தவர். இவர் பேசப் பேச மாமா பேசுகிற மாதிரியே இருக்கும். அவர் பக்கம்தான் நியாயம் என்று மனசுக்குள் தலையாட்டிக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பொங்கலுக்குப் பட்டிமன்றம் என்று முடிவானது. சங்கச் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய மனசுக்காரர், எதையும் பெரிசாகச் செய்ய ஆசைப்படுகிறவர். மாட்டுப் பொங்கலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தலைப்பு வைத்துவிட்டார்: 'ரோடியோ: வீரமா, வதையா?' யார் எந்த அணி என்று சீட்டுக் குலுக்கினார்கள். ஊரில் பட்டிமன்றம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நம் சொந்தக் கருத்தை யாரும் கேட்பதில்லை. கொடுத்த அணிக்குத் தொண்டை கிழியப் பேச வேண்டும். காளை வீட்டுப் பெண்ணான எனக்கு 'வதையே' என்று வந்தது. 'வீரமே' அணித் தலைமை, மாட்டைக் காலண்டரில் மட்டும் பார்த்த சென்னைக் கணக்காளர் ஒருவருக்குப் போனது. விதியைப் பாருங்கள்.

சரி, இறங்கியாச்சு, ஜெயித்தே தீர வேண்டும். காரில் போகும்போது அவரிடமே விஷயம் கேட்க ஆரம்பித்தேன். கயிறு இறுகும்போது கன்று என்ன ஆகும், துள்ளும் காளையின் வயிற்றில் ஏன் பட்டை கட்டுகிறார்கள், அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று. பாவம், அவர் ஆசை ஆசையாகச் சொன்னார். எங்கள் விழாவில் ரோடியோவைப் பற்றி விவாதம் இருக்கிறது என்றும், நானும் பேசுகிறேன் என்றும் மறைக்காமல்தான் சொன்னேன். அவர் காதில் விழுந்தது வேறு. மாட்டுக்கென்று ஒரு பண்டிகை வைத்திருக்கும் ஜனங்கள் ரோடியோவைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்றால் கொண்டாடத்தான் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். நானும் என் மனைவியும் வரலாமா என்று கேட்டார். தினமும் ஏற்றிக்கொண்டு போகிற மனிதரை வராதே என்று எந்த வாயால் சொல்வது?

கிளென்ஃபீல்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். அவரும் மனைவியும் இஸ்திரி போட்ட உடையில் வந்து இறங்கினார்கள். உண்மையான ரோடியோ வீரர் வந்திருக்கிறார் என்றதும் செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. சந்தனம், குங்குமம், பன்னீர், முன்வரிசையில் நடு நாற்காலி. அவரை ஓரமாய்க் கூப்பிட்டு, "அண்ணை, நான் அவரை எதிர்த்துல்ல பேசப் போறேன்" என்றேன்.

"அதுக்கென்ன தங்கச்சி, தமிழிலதானே கதைக்கப் போறீங்கள்" என்றார் அவர் சர்வசாதாரணமாக.

மேடை ஏறினேன். முதல் இரண்டு நிமிடம் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தே படித்தேன். பிறகு கூட்டம் சிரித்ததும் எனக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. கன்று நடக்கிற மாதிரி நடந்து காட்டினேன், கயிறு வீசுகிற மாதிரி துப்பட்டாவை வீசினேன். மண்டபம் குலுங்கியது. அவரும் சிரித்தார். கடைசியில் குரலை இறக்கி, "நடுவர் அவர்களே, போட்டின்னா ரெண்டு பேரும் பேர் கொடுத்திருக்கணும். வீரர் பேர் கொடுத்தார், சரி. அந்தக் கன்னுக்குட்டி எங்கே பேர் கொடுத்தது?" என்று கேட்டேன். கைதட்டல் அடங்க நேரமானது. முன்வரிசையில் அவர்தான் எல்லாரையும் விட பலமாகத் தட்டினார்.

எதிரணிக் கணக்காளரும் சும்மா விடவில்லை. தினமும் கோழியை டப்பாவில் அடைக்கிற சகோதரி கன்றுக்குக் கண்ணீர் விடுகிறார், அந்தக் கோழிகள் எல்லாம் பேர் கொடுத்துவிட்டா வந்தன என்று ஒரு போடு போட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நடுவர் 'வதையே' என்று தீர்ப்புச் சொன்னார். ஆரவாரம் ஓய்வதற்குள் செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்து, விருந்தினரைக் கௌரவிக்க வேண்டும் என்று மேடைக்கு அழைத்தார். விழாவுக்கு வந்தவரைப் பொன்னாடை போர்த்தாமல் அனுப்பினால் நமக்குத் தூக்கம் வராதே. ஆக, அவர் செய்வது வதை என்று தீர்ப்புச் சொன்ன அதே மேடையில், அதே நடுவர் கையால், அவருக்கு ஜரிகை போட்ட பொன்னாடை.

அவர் முகம் சிவந்துபோனது. ஒலிபெருக்கியை வாங்கினார். "நாங்க போற இடமெல்லாம் வாசல்ல நின்னு எங்களைத் திட்டுறாங்க. மேடைக்குக் கூப்பிட்டு மரியாதை செஞ்சது நீங்கதான். என் அப்பா இதைப் பார்த்திருக்கணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எங்கள் தமிழ் அவருக்குப் புரியவில்லை. அவர் ஆங்கிலம் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. யாரோ ஒருவர் மெல்லத் தட்ட, எல்லாரும் சேர்ந்து தட்டினோம். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் செயலாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஒண்டும் யோசியாதேங்கோ. வந்த மனுசனுக்கு மரியாதை செய்தனாங்கள். அது பொய்யில்லைதானே?" பொய்யில்லைதான். ஆனால் உண்மையா? வீட்டுக்கு வந்தால் என் கணவர், "அவர் சந்தோஷமா இருக்கார், நீ ஏன் கெடுக்குற? நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவே?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. யார் எது சொன்னாலும் அந்த நேரத்துக்கு எனக்கு நியாயமாகவே பட்டது. அதுதான் என் பிரச்சினை.

திங்கட்கிழமை காரில் ஏறினேன். பின்சீட்டில் பொன்னாடை மடித்து வைத்திருந்தது. வருகிற சனிக்கிழமை ஆக்லாந்துக்கு வடக்கே ரோடியோ, வாசலில் அட்டை பிடித்து நிற்கிறவர்கள் முன்னால் இதைப் போட்டுக்கொண்டு நடக்கப்போகிறேன் என்றார். இந்தியர்கள் எங்கள் பக்கம் என்று சொல்லப்போகிறாராம். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது மரியாதை இல்லை, ஏமாற்று. சிக்னலில் வண்டி நின்றபோது சொல்லிவிட்டேன். நாங்கள் ஜெயித்தது எதிர்ப்பக்கம் பேசி என்று. கன்று மாதிரி நடந்து காட்டியது உங்களைக் கிண்டல் செய்து என்று.

விளக்கு பச்சை ஆனது. அவர் வண்டியை எடுத்தார். தொழிற்சாலையில் காரை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்காமலே உள்ளே போனார். அன்று முழுக்க டப்பா அடுக்கினேன், கை ஓடவே இல்லை. இனிமேல் காலையில் அந்தக் கார் வராது என்று நினைத்தேன். காரை விடுங்கள், அந்த மனிதர் போய்விட்டால்? இந்த ஊரில் எனக்கென்று கிடைத்த முதல் சிநேகிதம் அவர்தான்.

வேலை முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பின்னால் ஹார்ன் அடித்தது. ஏறச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும், எந்தப் பேச்சுக்கு அவ்வளவு கைதட்டினார்கள் என்று கேட்டார். கன்று எங்கே பேர் கொடுத்தது என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். மேடையில் அவ்வளவு பெரிதாக இருந்தது, காருக்குள் ரொம்பச் சின்னதாகக் கேட்டது.

"அது சரிதான்" என்றார். பிறகு அவராகவே சொன்னார். போன கோடையில் அவர் கயிற்றில் ஒரு கன்று விழுந்து எழுந்திருக்கவில்லையாம். கூட்டம் பார்க்காதபடி நான்கு பேர் துணியை விரித்து மறைத்துப் பிடித்தார்களாம். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒருவர் ஜோக் அடித்தாராம், ஜனங்கள் சிரித்தார்களாம். "இதை உங்களுக்குச் சொல்லாம விட்டுட்டேன். சொல்லியிருந்தா நீங்க இன்னும் நல்லாப் பேசியிருப்பீங்க."

பிறகு ஏன் இன்னும் போகிறீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை, குதிரை மேல் ஏறினால்தான் நான் நானாக இருக்கிறேன் என்றார். நீங்கள் உண்மையில் எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்டார். என் மாமாவின் காளையைச் சொல்லலாமா, சீட்டில் வந்த அணியைச் சொல்லலாமா, கோழியைச் சொல்லலாமா? எனக்கும் தெரியவில்லை என்றேன். பார்க்காமலே பேசினீர்கள், வந்து பாருங்கள் என்றார்.

சனிக்கிழமை என் கணவரோடு போனேன். வாசலில் அட்டை பிடித்திருந்த ஒரு பெண்மணி சிரித்த முகமாய் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டேன். பக்கத்திலேயே டிக்கெட்டும் வாங்கினேன். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நான் நின்றதைப் பார்த்து என் கணவர்தான் உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அவருடைய மனைவி எங்களுக்காக முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். காற்று அடித்தது. எங்கள் பொன்னாடையைத்தான் போர்த்தியிருந்தார். பாதியை எடுத்து என் தோளிலும் போட்டார். இவருக்கு எல்லாம் தெரியுமா, தெரியாதா? கேட்கத் தைரியம் இல்லை.

சிலர் கயிறு வீசினார்கள். கன்று ஓடி வந்த வேகத்தில் கயிறு இறுகி அப்படியே பின்பக்கமாகச் சுண்டி விழும்போது, நான் மேடையில் நடித்துக் காட்டியது எவ்வளவு பொய் என்று தெரிந்தது. சிரிக்கிற விஷயமே இல்லை அது. அதே சமயம் குதிரையும் மனிதனும் ஒன்றாகப் பாய்ந்த அழகில் என்னை அறியாமல் எழுந்தும் நின்றேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அவர் முறை வந்தது. கன்று பாய்ந்தது. குதிரை பின்னால் பறந்தது. கயிறு சுழன்று வந்து கன்றின் தலையைத் தொடாமல் மண்ணில் விழுந்தது. கன்று பாட்டுக்கு ஓடி அந்தப்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டது. கூட்டம் மொத்தமும் 'ச்சே' என்றது. நான் மட்டும் பலமாகக் கைதட்டினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார், தொப்பியை லேசாகத் தூக்கினார்.

கயிறு தவறியதா, தவறவிட்டாரா? திங்கட்கிழமை காலை தெருமுனையில் கார் வழக்கம்போல வந்து நின்றது. இட்லியை வாங்கிக்கொண்டார். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அடுத்த கோடையிலும் அவர் ரோடியோவுக்குப் போனார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வேறு வேலைக்கு மாறும்வரை அவரோடுதான் போய்வந்தேன்.

சங்கத்தில் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. என் மேடையில் என்ன நடந்தது என்று புரியாமல் அவர் கைதட்டினார், அவர் களத்தில் என்ன நடந்தது என்று புரியாமல் நான் கைதட்டினேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிப்போன அந்தக் கன்றுக்கு மட்டும்தான் அன்றைய தீர்ப்பு சந்தேகமில்லாமல் புரிந்திருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது.