ஏழுக்கு மூன்று போதாது

சிங்கப்பூரின் ஈசூனில் ஒன்பதாவது மாடியில் வசிக்கும் தனசேகரனுக்குச் சதுரங்கம் சுமாராகத்தான் வரும். அவர் எழுதிய சதுரங்கக் கணினி நிரலோ அவரை நாலே நிமிடத்தில் தோற்கடித்துவிடும். அதில் அவருக்கு ஏகப் பெருமை. பகலில் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வார். மாலையில் நிரலில் ஒரு வரியை மாற்றுவார். மாற்றியதையும் பழையதையும் மோதவிட்டு, ஆட்டத் திறனை அளக்கும் தரவரிசையில் எது எத்தனை புள்ளி உசத்தி என்று கணக்குப் போடுவார். உசத்தி என்று உறுதியாகாத வரி நிரலில் தங்காது. அப்படி அவர் அழித்தவை பெரும்பாலும் அவருடைய சொந்த யோசனைகள்தான்.

வீட்டில் நன்றாக ஆடுபவர் அவர் மனைவி சிவகாமசுந்தரி. சமூக மன்றத்தில் அவரிடம் தோற்காதவர்கள் குறைவு. இத்தனை வருடத்தில் நிரலைப் பற்றி வாயே திறக்காதவர், ஒருநாள் அது ஆடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னங்க, ராஜாவுக்கு முன்னாடி நிக்கிற சிப்பாயையெல்லாம் இப்படித் தள்ளி விட்டுட்டா, அவரு பாவம் எங்க போவாரு?"

தனசேகரன் அதை அப்படியே நிரலில் எழுதிச் சேர்த்தார். பத்து ஆட்டம் ஓடவிட்டார். ஏழுக்கு மூன்று என்று புதியது வென்றது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் தேநீர் குடிக்கும்போது செய்தி கேட்ட நண்பர் யூசுப் மேசையைத் தட்டினார். "அண்ணி, பின்னிட்டீங்க லா! பேசாம நீங்களே புரோகிராம் எழுதுங்க."

சிவகாமசுந்தரியின் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தனசேகரனுக்கு உண்மை பேசத் தோன்றியது.

"பத்து ஆட்டத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது யூசுப். நூத்தம்பது புள்ளி உசத்தியாவும் இருக்கலாம். பழசைவிட மட்டமாவும் இருக்கலாம்."

"பொண்ணு பாக்க வந்தப்ப என்னை எத்தனை தடவை பாத்துட்டுச் சரின்னீங்க?" என்றார் மனைவி.

"ஒரு தடவை."

"அப்ப மட்டும் கணக்கு மறந்துபோச்சோ?"

யூசுப் தேநீரை மிகுந்த கவனத்துடன் குடித்தார். ஈசூன் வரும்வரை ரயிலில் சிவகாமசுந்தரி ஜன்னலோடுதான் பேசிக்கொண்டு வந்தார்.

அன்றே தனசேகரன் இரண்டாயிரம் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். மனைவி அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் கணினித் திரையைத் தாண்டித்தான் போனார். ஆட்டம் கூடக்கூட அந்த நூற்றைம்பது புள்ளி அறுபதாயிற்று, பிறகு இருபதாயிற்று. தன் யோசனை தேய்ந்தபோதெல்லாம் கலங்காத மனிதர், இதற்கு இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார் சிவகாமசுந்தரி.

"முடிஞ்சிருச்சு. நாலு புள்ளி உசத்தி. அதுல பன்னெண்டு கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்."

"அப்ப ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"அழிச்சிடுங்க. உங்க வரிக்கு ஒரு சட்டம், என் வரிக்கு ஒரு சட்டம் வேணாம்."

தனசேகரன் விசைப்பலகையில் கை வைத்தார். எடுத்தார்.

"ரெண்டாயிரம் பத்தாது, சுந்தரி. இருபதாயிரம் ஓடட்டும்."

"அது எப்ப முடியும்?"

"மெதுவாத்தான் முடியும். உனக்கு என்ன அவசரம்?"

சிவகாமசுந்தரி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதுல என்னோடது எது?"

"வெள்ளை."

"தோக்குதுங்க."

"ஒரு ஆட்டம்தானே," என்றார் தனசேகரன்.