வெள்ளம் விற்ற வெள்ளிக்கிழமை

குளிர்கால மழைக்கு முன்பே எங்கள் ஏஜெண்டுகளை வெள்ளக் காப்பீடு விற்க வைப்பது துபாய் அலுவலகத்தில் என் வேலை. செப்டம்பர் வெயிலில் நின்றுகொண்டு, உங்கள் கார் தண்ணீரில் மிதக்கும் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் மழை எச்சரிக்கை வந்த பிறகு எங்கள் கம்பெனி புதிதாக யாரையும் சேர்க்காது. இதைத்தான் ஏஜெண்டுகளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஏஜெண்ட் விருதுநகர்க்காரப் பெண். வளைகுடாவுக்கு வந்தே நான்கு மாதம்தான். மாதக் கடைசிக்குள் பத்துப் பேரைச் சேர்த்தால் அவர் வேலை நிரந்தரம். இல்லையென்றால் போய்விடும். சேர்த்திருந்தது மூன்று பேர்.

"சார், ஒவ்வொரு ஆளாப் பிடிச்சா முடியாது. பில்டிங்கையே பிடிப்போம்" என்றார். பக்கத்து ஊரான அஜ்மானில் அவருடைய தோழி இருந்த கட்டடத்தில் பார்க்கிங் தரைக்குக் கீழே. போன மழையில் அங்கே தண்ணீர் புகுந்திருந்தது. அந்தக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போடத் தோழி ஒப்புக்கொண்டாள்.

வாசகம் என்னுடையது. பத்திரிகையில் பல வருடம் பிழை திருத்தியவன். காப்பீடு என்று கேட்டாலே ஆட்கள் ஓடுவார்கள் என்று அந்தச் சொல்லை நானே வெட்டினேன். மிஞ்சியது இது: 'வெள்ளத்தைப் பற்றி இனிக் கவலை வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு லாபியில் பதிவு செய்யலாம்.' ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. விருதுநகர்க்காரர் அதைத் தெளிவாகப் படித்துத் தோழிக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை லாபியில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். முன்னால் நின்ற நரைமீசைக்காரர் இரண்டு கைகளிலும் காலித் தண்ணீர் கேன்கள் வைத்திருந்தார்.

"மோளே, மாசம் எத்ர கேன் கிட்டும்?"

"கேனா? எதுக்குண்ணே?"

"வெள்ளத்தினு!"

"வெள்ளம் வந்தா கேன வச்சு என்னண்ணே செய்ய?"

"பின்னே, வெள்ளம் கையில் கொண்டுபோகணோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டடத்தில் முக்கால்வாசிப் பேர் மலையாளிகள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். பத்து நாளாகத் தண்ணீர் வண்டி ஒழுங்காக வரவில்லையாம். தண்ணீர் போடப் புது ஆள் வந்திருக்கிறார் என்று எல்லோரும் இறங்கி வந்திருக்கிறார்கள். விருதுநகர்க்காரர் காதில் சொன்னேன். என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

ஆனால் கூட்டத்தைக் கலையவிடவில்லை. நரைமீசைக்காரரிடம் திரும்பினார்.

"அண்ணே, உங்க கார் எங்க நிக்குது?"

"தாழே. பேஸ்மென்டில்."

"போன மழைக்கு அங்க எவ்வளவு வெள்ளம்?"

அவர் கேன்களைக் கீழே வைத்துவிட்டு முழங்காலுக்கு மேல் கையை வைத்துக் காட்டினார்.

"அந்த வெள்ளத்தத்தாண்ணே சொல்றேன்."

பின்னாலிருந்து ஒருவர், "வெள்ளப்பொக்கம்! அங்ஙனெ பறயண்டே!" என்று கத்த, லாபியே சிரித்தது. மலையாளத்தில் வெள்ளப்பெருக்குக்கு அதுதான் பெயர். சிரித்தவர்களில் பாதிப் பேர் லிப்டுக்குப் போனார்கள். மீதிப் பேரிடம் அவரவர் கார் பாலிசியைப் போனில் திறக்கச் சொன்னார் விருதுநகர்க்காரர். பொடி எழுத்தை நான் படித்தேன். சிலருடையதில் வெள்ளம் அடங்கியிருந்தது; அவர்களைச் சந்தோஷமாக அனுப்பிவைத்தோம். அடங்காதவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஏழு மணிக்குள் ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். இன்னும் ஒருவர் வேண்டும். நரைமீசைக்காரர் மட்டும் பாலிசியைத் திரும்பத் திரும்பப் பார்த்தபடி சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர் பாலிசியிலும் வெள்ளம் இல்லை.

"ஒப்பிடாம்" என்றார் கடைசியில். கையெழுத்துப் போடுகிறேன் என்று அர்த்தம். "பக்ஷே, எனிக்கு வெள்ளம்?"

விருதுநகர்க்காரர் பக்கத்துத் தெருவிலேயே இருந்த தன் வீட்டுக்குத் தண்ணீர் போடும் கடைக்குப் போன் போட்டார். "பாய், தோ கேன். ஜல்தி." பத்து நிமிடத்தில் கேன்கள் வந்தன. நரைமீசைக்காரர் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, படிவத்தில் மலையாளத்தில் நிதானமாகப் பெயர் எழுதினார்.

"சார், பத்து" என்றார் விருதுநகர்க்காரர். பேனாவை மூடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.